பதினொரு விநாடிக் கைகள்

2023 செப்டெம்பர் 13, புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். மழை இல்லை, அந்த மாதத்தில் மன்னாரில் யாரும் மழையை எதிர்பார்ப்பதும் இல்லை. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. உப்புக்குளத்தில் என் வீட்டு முன்னறையின் இரண்டு யன்னல்களையும் சாத்தி, கதவுக்குக் கீழே ஈரச் சாக்கு வைத்திருந்தேன். அப்படியும் கொம்பியூட்டரின் எழுத்துக் கட்டைகளுக்குள் மணல் ஏறியிருந்தது. பழைய பல் துலக்கும் தூரிகையால் அதைத் தட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. நாலாவது தரம் அடிக்கையில் எடுத்தேன்.

கொழும்பிலிருந்து ஒருவர். வெளிநாட்டுக் கடைகளுக்குக் கருவாடு வாங்கி அனுப்புகிறவர். மரியாதையாகத்தான் பேசினார்.

“ஐயா, ரெண்டு வெப்சைட் பார்த்தேன். ரெண்டிலயும் உங்க நம்பர்தான் இருக்கு. ரெண்டிலயும் ஒரே கைதான் மீன் வெட்டுது. ஒண்ணுல இடது கையில விரல் இல்ல, மத்ததுல வலது கையில இல்ல. இது ஒரு ஆளா, ரெண்டு ஆளா? எங்க லொறி மன்னார்லதான் நிக்குது. நாலு மணிக்குள்ள ஏத்தி முடிக்கணும். எங்க போகச் சொல்றது?”

நான் பதில் சொல்ல எடுத்த நேரம் ஏறத்தாழ ஆறு விநாடி. முழு அழைப்பும் ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி. போன் அந்தக் கணக்கை வைத்திருக்கிறது. நான் என்ன சொன்னேன் என்பதைச் சொல்வதற்கு முன், அந்தக் கைகள் யாருடையவை, அவை எப்படி இரண்டு இடத்தில் வந்தன என்று சொல்லவேண்டும்.

பிள்ளைகளே, இணையத்தளங்களுக்குப் படம் செய்யும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவியாக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். எந்தக் கமரா வாங்குவது, எதில் வெட்டி ஒட்டுவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் முப்பத்தொரு வருடம் கலியாணவீட்டுப் படம் பிடித்தவன். ஃபிலிம் போனது, பிறகு ஸ்ரூடியோவும் போனது. ஐம்பத்தெட்டாவது வயதில், சின்னக் கடைக்காரர்களின் இணையத்தளங்களுக்குப் படமும் வீடியோவும் செய்து கொடுக்கத் தொடங்கினேன். ஏழு வருடத்தில் நாற்பத்து மூன்று தளங்கள். அவற்றில் நாற்பத்தொன்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வருகிற எல்லோருக்கும் ஒரே வசனம்தான் இருந்தது: “ஐயா, செலவு கூடாமச் செய்து தாங்கோ.” நானும் செய்து கொடுத்தேன். முப்பது படம், ஒரு நிமிட வீடியோ இரண்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் நாலு பந்தி எழுத்து. முதல் வருடம் வருகிற விசாரிப்புகளுக்குப் பதில் சொல்வதும் என் பொறுப்பு, அதனால் தளத்தில் என் இலக்கம். கடைக்காரர்களுக்குச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசக் கூச்சம். எனக்கு அந்தக் கூச்சம் இல்லை.

செலவைக் குறைக்க ஒரே வழிதான் உண்டு. ஒரு முறை பிடித்ததை இரண்டு முறை பயன்படுத்துவது. கடல், பாலம், காற்றாடிகள், வலை, ஐஸ் பெட்டி, கை. என்னிடம் இருநூற்றுப் பன்னிரண்டு துண்டுகள் இருந்தன, எல்லாம் நானே பிடித்தவை. பதினேழாம் இலக்கம், பஸ் நிலையத்துக்கு முன்னால் மழையில் நிற்கும் நாலு கழுதைகள். அதை ஒன்பது தளங்களில் போட்டிருக்கிறேன். விருந்தினர் விடுதி வைத்திருந்த ஒருவர் ஒருநாள் என்னைத் தெருவில் மறித்தார்.

“ஐயா, உங்கட கழுதை என்ர தளத்திலயும் நிக்குது, பார்மசிக்காரன்ர தளத்திலயும் நிக்குது. அதுக்கு மாதச் சம்பளம் ஏதும் குடுக்கிறனீங்களோ?”

“அது இன்னும் கேக்கேல்லை,” என்றேன்.

“கேக்கமாட்டாததாப் பாத்துத்தான் படமெடுக்கிறியள்.”

இருவரும் சிரித்தோம். அவர் மிச்சக் காசையும் அன்றே தந்தார்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுத் தந்தவர் என்னைவிட முப்பத்து நாலு வயது இளையவர். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பி அடிக்கும் கடையில் வேலை செய்த ஒரு பெண்பிள்ளை. நான் அவரை ‘ரீச்சர்’ என்றுதான் கூப்பிடுவேன். முதலில் பகிடியாக, பிறகு உண்மையாக. துண்டுகளுக்கு ஒரு கொப்பி வைக்கச் சொன்னதும் அவர்தான். எனக்குக் கணக்கு வைப்பதென்றால் சொல்லவேண்டியதில்லை. கோடு போட்டு ஆறு கட்டம் கீறினேன்: இலக்கம், எத்தனை விநாடி, இடம், திகதி, வெளிச்சம், எங்கே போட்டது. ரீச்சர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஐயா, ஏழாவதா ஒரு கட்டம் போடுங்கோ. கேட்டதோ, கேக்கேல்லையோ எண்டு.”

“கொப்பியில இடம் காணாது, ரீச்சர்.”

“அப்ப வெளிச்சத்தை எடுத்துப்போட்டு இதைப் போடுங்கோ.”

“வெளிச்சம் இல்லாமல் எப்பிடி?”

“வெளிச்சம் படத்தில தெரியுமெல்லோ, ஐயா. மற்றது படத்தில தெரியாது.”

நான் வெளிச்சத்தை எடுக்கவில்லை. அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆறு கட்டந்தான்.

யசிந்தா விடத்தல்தீவில் கருவாடு போடுகிறவர். சின்ன வயதில் தாய் தகப்பனோடு படகில் தமிழ்நாட்டுக்குப் போய், அங்கே முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணமும் முடித்து, திரும்பி வந்தவர். முகாமில் இருந்த காலத்தில் தும்பு ஆலைக்கு வேலைக்குப் போனபோது இயந்திரத்தில் இடது கைச் சுட்டுவிரலின் பாதி போய்விட்டது. கணவர் கடலுக்குப் போவார். அவர் கொண்டுவரும் மீனையும் பக்கத்துப் படகுகளில் வாங்கும் மீனையும் இவர் கீறி, உப்பிட்டு, காயவைப்பார். ஊரில் பலர் கரையில் பாய் விரித்து அதில் போடுவார்கள். பாய்க்கு மேல் மணல் ஏறும். சாப்பிடும்போது பல்லில் கடிபடும். யசிந்தா நெஞ்சளவு உயரத்தில் தடிகள் கட்டி, மேலே வலை இழுத்து, அதில்தான் காயப்போடுவார். ஒரு துண்டும் நிலம் தொடாது.

அப்படிப் போட்ட கருவாடும் போவது ஒரே இடத்துக்குத்தான். மன்னார்ப் பக்கம் வாடி என்கிற மீன் கொட்டில் போட்டு, அந்தக் கரையின் மீனும் கருவாடும் மொத்தமாக எடுக்கிற ஒரு சம்மாட்டி இருந்தார். மண் கருவாட்டுக்கும் இவருடையதற்கும் அவர் ஒரே விலைதான் போட்டார். மாதர் சங்கத்தில் கடன் எடுத்து இன்னும் இரண்டு பரண் கட்டிய பிறகு, யசிந்தா என்னைத் தேடி வந்தார்.

“அவற்ற தராசு ஒருநாளும் நேரா நிண்டதில்லை, ஐயா. நிறையும் அவர்தான் சொல்லுவார், விலையும் அவர்தான் சொல்லுவார். எனக்குச் சொல்லக் கிடைக்கிறது மீன்ர பேர் மட்டுந்தான்.”

இணையத்தளம் அவருக்கு அலங்காரத்துக்கு அல்ல. சம்மாட்டியைத் தாண்டிப் போக ஒரு பாதை, அவ்வளவுதான். என் கட்டணத்தை நாலு தவணையாகத் தருவதாகச் சொன்னார். நாலையும் சொன்ன திகதிகளில் தந்தார்.

மாசி மாதத்தில் ஒருநாள் படம் பிடிக்கப் போனேன். காலை ஏழு மணிக்குத் தொடங்கினோம். யசிந்தா இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

“விரல் தெரியாம எடுங்கோ, ஐயா. பாக்கிறவைக்கு அருவருப்பா இருக்கும்.”

“இல்லைத் தங்கச்சி. விரல் தெரியவேணும். அதுதான் உங்கட கையொப்பம். இந்தக் கையை ஒருக்காக் கண்டவை மறக்கமாட்டினம். கருவாடு ஆரும் விக்கலாம், இந்தக் கை ஆரிட்டயும் இல்லை.”

நான் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதுகிறேன். அவர் முந்தானையை விலக்கினார். பிறகு கையை வெளியே எடுத்தார்.

பத்து மணிக்கு மேகம் மூடியது. அதுவரை பிடித்ததெல்லாம் இருட்டாக வந்தது. மறுபடி மீன் வாங்குவித்து, ஒரு மணிக்கு மேல் திரும்பவும் கீறச் சொன்னேன். வலது கையில் கத்தி. இடது கை மீனின் தலையைப் பிடிக்கிறது, அரைச் சுட்டுவிரல் செவுளுக்குள் போகிறது. ஒரு இழுவையில் முதுகு பிளந்து புத்தகம் மாதிரி விரிகிறது. பிறகு உப்பு. பதினொரு விநாடி. நூற்றெண்பத்தெட்டாம் இலக்கம். வெளிச்சக் கட்டத்தில் ‘மிக நன்று’ என்று எழுதியிருக்கிறேன். முடிக்க நாலு மணி ஆனது. மாலையில் பஸ்ஸுக்கு நின்றபோது எனக்கு மிகத் திருப்தியாக இருந்தது.

அந்தத் தளம் ஆட்களிடம் போய்ச் சேர்ந்தது. ஆறாவது மாதம் கொழும்புக்காரர் விசாரித்தார். யசிந்தா இரண்டு கிலோ மாதிரி அனுப்பினார். பிடித்துவிட்டது. மாதம் அறுபது கிலோ கட்டா மீன் கருவாடு, கிலோவுக்குச் சம்மாட்டியைவிட எழுநூறு ரூபாய் அதிகம். முதல் அறுபது கிலோவை செப்டெம்பர் 13 அன்று லொறி வந்து ஏற்றுவதாக முடிவானது.

இதற்கிடையில், ஆடி மாதத்தில், சம்மாட்டி என்னிடம் வந்தார். யாரோ சொல்லி, அவருக்கும் ஒரு தளம் வேண்டியிருந்தது. அவருடைய மைத்துனர்மார் மூவரின் கடைகளுக்கு நான் ஏற்கெனவே செய்து கொடுத்திருந்தேன். படம் பிடிக்க எப்போது வரலாம் என்று கேட்டேன்.

“என்ர வாடிக்கு வரவேண்டாம், ஐயா. அங்க இலையான், மண், நாய். அதெல்லாம் படத்தில நல்லாயிராது. உங்களிட்ட இருக்கிறதில ஏதாவது போட்டு முடியுங்கோ. எனக்கும் செலவு குறையும், உங்களுக்கும் அலைச்சல் குறையும்.”

கடல் போட்டேன். வலை போட்டேன். நடுவில் ஒரு கை தேவைப்பட்டது. கருவாடு விற்கும் தளத்தில் கை வராவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள். என்னிடம் மீன் கீறுகிற கை ஒன்றுதான் இருந்தது.

அதை எடுத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலம் மாற்றித் திருப்பினேன். இப்போது கத்தி இடது கையில், அரைவிரல் வலது கையில். ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். ரீச்சர் கண்டுபிடித்தார். அந்த மாதக் கடைசியில் அவர் கட்டாருக்கு வேலைக்குப் போகப் பயணம் சொல்ல வந்தார். திரையில் அது ஓடிக்கொண்டிருந்தது.

“ஐயா, இவ இடக்கையாலயோ கீறுறவ?”

“ஓம்,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். தேத்தண்ணியில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார்.

பிள்ளைகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘அவசரத்தில் நடந்துவிட்டது, தெரியாமல் போட்டுவிட்டேன்’ என்று நான் பிறகு பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். தெரியாமல் போட்டவன் திருப்பமாட்டான். ஒன்றை மறைக்க நீங்கள் ஒரு சின்ன வேலை செய்தீர்களென்றால், அது பிழை என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அந்த இடத்திலேயே கையை எடுத்துவிடுங்கள்.

இனி அந்த ஆறு விநாடி.

இரண்டு ஆள் என்றால், கை யாருடையது என்று அடுத்த கேள்வி வரும். யசிந்தாவுடையது என்றால், சம்மாட்டியின் தளம் பொய் என்று ஆகும். சம்மாட்டி போனால் மூன்று மைத்துனர்மாரும் போவார்கள், நாலு தளம். கை சம்மாட்டியின் ஆளுடையது என்று சொல்ல நான் நினைக்கவே இல்லை. அதை மட்டும் நம்புங்கள். ஒருவருக்கும் கெடுதல் வராத ஒரு பதில் வேண்டும் என்று தேடினேன். அப்படி ஒன்று கிடைத்ததாகவும் நினைத்தேன்.

“ரெண்டு பேரும் சேர்ந்துதான் செய்யினம்,” என்றேன். “ஒரே இடம் மாதிரித்தான்.”

“அப்பிடியா? நல்லதாப் போச்சு. அப்ப பெரியவர்கிட்டயே மொத்தமா எடுத்திடுறோம். லொறி அவ்வளவு தூரம் போகவேணாம். டீசல் விலைதான் தெரியுமே.”

“இல்லை ஐயா, அந்தப் பிள்ளை அறுபது கிலோ கட்டி வச்சிருக்கிறா...”

“சேர்ந்துதானே செய்றாங்க? அவங்களுக்குள்ள பிரிச்சுக்குவாங்க. ரொம்ப நன்றிங்க.”

வைத்துவிட்டார். அவரில் பிழை இல்லை. நான் சொன்னதை நம்பி, நான் சொன்னதற்குப் பொருத்தமாக நடந்தார்.

லொறி புறப்பட இன்னும் ஒரு மணி ஐம்பது நிமிடம் இருந்தது. அதாவது ஆறாயிரத்து அறுநூறு விநாடி. நான் அதில் ஆறைத்தான் பயன்படுத்தினேன். “ஐயா, பத்து நிமிசத்தில திருப்பி எடுக்கிறன்” என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். யாரும் கோபிக்கமாட்டார்கள். போனில் ஒருவர் கேட்டவுடன் பதில் சொல்லியாகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை; வயது போனவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தப் பயம் உண்டு, கவனம். அவர் வைத்த பிறகும்கூட நேரம் இருந்தது. நாலு மணிக்குள் மூன்று தரம் போனைக் கையில் எடுத்தேன். மூன்று தரமும் மேசையில் வைத்தேன். இடையில் எழுத்துக் கட்டைகளைச் சுத்தமாகத் தட்டி முடித்தேன்.

ஐந்து இருபதுக்குச் சம்மாட்டி எடுத்தார்.

“ஐயா, உங்கட வாய்க்குச் சீனி போடோணும். நூற்றைம்பது கிலோ ஏத்திப்போட்டன். சேர்ந்து செய்யிறம் எண்டு சொன்னனீங்களாம். நல்ல மூளை. எனக்கு இது வராது.”

ஆறு மணிக்கு யசிந்தா எடுத்தார். மத்தியானத்திலிருந்து ஆறு சாக்கோடு றோட்டுக் கரையில் நின்றிருக்கிறார்.

“ஐயா, லொறி வரேல்லை. உங்களுக்கு ஏதும் சொன்னவையோ?”

“எனக்குத் தெரியாது, தங்கச்சி.”

“காத்தும் அடிக்குது. சாக்கை உள்ள கொண்டு போகட்டோ, இன்னும் நிக்கட்டோ?”

“கொண்டு போங்கோ,” என்றேன். இருபத்திரண்டு விநாடி.

அடுத்த நாள் காலை எட்டு ஐந்துக்குக் கொழும்புக்கு எடுத்து உண்மையைச் சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“நேத்து ஒரு கதை, இன்னிக்கு ஒரு கதை. நான் எதை ஐயா நம்புறது? அந்தம்மா கைதான்னு நீங்கதான் சொல்றீங்க. சேர்ந்து செய்றாங்கன்னும் நீங்கதான் சொன்னீங்க. சரக்கு வந்திருச்சு. அடுத்த மாசம் பார்ப்போம்.”

அவருக்குச் சொன்னதை யசிந்தாவுக்குச் சொல்ல எனக்குப் பத்தொன்பது நாள் எடுத்தது. காரணங்கள் வைத்திருந்தேன். பஸ்ஸில் அவ்வளவு தூரம் போக முழங்கால் விடாது. அடுத்த மாதம் அவருக்கே ஓடர் கிடைக்கும், அப்போது சொல்லலாம். அவருக்கே யாரும் சொல்லியிருப்பார்கள். இதைப் போனில் சொல்வது மரியாதை இல்லை. நாலும் நல்ல காரணங்கள். ஒன்றோடொன்று முரண்படாதவை. இப்படி ஒழுங்கான காரணங்கள் நாலு சேர்ந்து வந்தால் உங்களை நீங்களே சந்தேகியுங்கள்.

ஒக்டோபர் இரண்டாம் திகதி யசிந்தாவே எடுத்தார். குரலில் கோபம் இல்லை, திகைப்புத்தான் இருந்தது.

“ஐயா, என்ர தளத்தில ஒராள் எழுதியிருக்கு. கருவாட்டில மண்ணாம். பிங்கானில மண்ணைக் கொட்டிப் படமும் போட்டிருக்கினம். பக்கத்தில என்ர கையின்ர படம். இந்தக் கையைக் கண்டு நம்பி ஏமாந்தமெண்டு எழுதியிருக்கினம். நான் அவைக்கு ஒரு துண்டும் விக்கேல்லையே.”

அது சம்மாட்டி ஏற்றிய நூற்றைம்பது கிலோவில் வந்த மண் என்று எனக்குத் தெரிந்தது. மறுநாள் பஸ் ஏறினேன். முதல் நாளே வங்கிக்குப் போயிருந்தேன். கிலோவுக்கு எழுநூறு, அறுபது கிலோ, நாற்பத்தீராயிரம். எட்டு ஐயாயிரம் ரூபாய்த் தாள், இரண்டு ஆயிரம் ரூபாய்த் தாள். ஒரு கடித உறையில் போட்டு, சட்டைப் பைக்குள் வைத்து, மேலே ஊசி குத்தினேன்.

யசிந்தா பரணடியில் நின்றார். கணவர் கடலுக்குப் போயிருந்தார். ஆறு பரணில் நாலு வெறுமையாகக் கிடந்தது. எனக்குக் கதிரை கொண்டுவந்து போட்டார். நான் இருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திருப்பியதைச் சொன்னேன், லொறியைச் சொன்னேன், அன்று மாலை தெரியாது என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். சொல்லி முடியும்வரை அவர் வலையில் கிடந்த மீன்களை ஒவ்வொன்றாக மறுபக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு மீன்.

“அப்ப அண்டைக்கு நான் றோட்டில நிக்கேக்க உங்களுக்குத் தெரியும்,” என்றார்.

“தெரியும்.”

“அந்த அறுபது கிலோவையும் பிறகு ஆர் எடுத்தது தெரியுமோ? அவர்தான் எடுத்தவர். வேற ஆரிட்டக் குடுக்கிறது, வச்சிருந்தா வண்டு வைக்கும். வழமையான விலையில இன்னும் நூறு குறைச்சார். நீதான் என்ர பங்காளியாமே எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர். எனக்கு அப்ப அது விளங்கேல்லை, ஐயா.” அடுத்த மீனைப் புரட்டினார். “இப்ப ரெண்டாவது லோட்டுக்குச் சாக்கில மேல்ப்பக்கம் என்ர கருவாட்டை அடுக்கிறாராம். கீழ்ப்பக்கம் அவற்ற.”

நான் உறையை எடுத்து நீட்டினேன். ஊசியைக் கழற்றக் கொஞ்சநேரம் எடுத்தது. என்ன கணக்கு என்று சொன்னேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். திறந்து பார்த்தார்.

“இது லொறிக்காரர் தரவேண்டிய காசு. அவர் எனக்குத் தரேல்லை, நான் அவருக்குக் கருவாடு குடுக்கேல்லை. இதை நான் எப்பிடி வாங்கிறது?”

“அப்ப தளத்துக்குத் தந்த காசையாவது திருப்பித் தாறன்.”

“அது நீங்கள் வேலை செய்ததுக்கு. செய்தனீங்கள்தானே.”

“ஏதாவது வாங்கவேணும், தங்கச்சி. இல்லையெண்டா எனக்கு நித்திரை வராது.”

“நீங்கள் நித்திரை கொள்ளுறதுக்கு நான் காசு வாங்கவோ?” என்றார். குரலை உயர்த்தவில்லை. பிறகு, “ஒண்டு இருக்கு,” என்றார். “மாசியில படம் பிடிக்க வந்தனீங்கள். காலமை ஏழு மணியில இருந்து பின்னேரம் நாலு மணி மட்டும். வெளிச்சம் சரியில்லை எண்டு ரெண்டாந்தரமும் கீறச் சொன்னியள். அண்டைக்கு நான் கருவாடு போடேல்லை. அது எனக்குத்தானே எண்டு நானும் கேக்கேல்லை. இப்ப பாத்தா அது எனக்கில்லை. அந்த ஒருநாள் கூலியைத் தாங்கோ. ஆயிரத்தைந்நூறு. இஞ்ச எல்லாருக்கும் அதுதான்.”

உறைக்குள்ளிருந்து இரண்டு ஆயிரம் ரூபாய்த் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை என் மடியில் வைத்தார். வீட்டுக்குள் போய், பால்மாத் தகரப்பேணி ஒன்றிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்துவந்து மிச்சம் தந்தார். அரைவிரல் இருக்கிற கையால்தான் தந்தார்.

“என்ர தளத்தை அழிச்சுப்போடுங்கோ, ஐயா. படங்களையும்.”

“அதில உங்கட பிழை ஒண்டும் இல்லையெண்டு எழுதிப் போடலாம்.”

“ஆர் எழுதுறது? நீங்களோ?”

அன்று மாலையே அழித்தேன். சம்மாட்டியின் தளத்திலிருந்தும் அந்தத் துண்டை எடுத்தேன். அவர் கோபித்துக்கொண்டு வேறொருவரிடம் போனார். மூன்று மைத்துனர்மாரும் போனார்கள். அந்த வேறொருவர் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம், நான் விசாரிக்கவில்லை. சம்மாட்டியின் போனில் அந்தப் பதினொரு விநாடி இருந்திருக்கிறது. புதிய தளத்தில் அது முதற் பக்கத்திலேயே ஓடுகிறது, நேற்றும் பார்த்தேன். இடது கையில் கத்தி, வலது கையில் அரைவிரல். யசிந்தா இப்போது அவருக்குத்தான் கருவாடு கொடுக்கிறார், அவர் சொல்லும் நிறைக்கு, அவர் சொல்லும் விலைக்கு.

நான் அந்த வருடம் மார்கழியோடு வேலையை விட்டுவிட்டேன். இப்போது நீங்கள் கையே இல்லாமல் கையைச் செய்கிறீர்கள். இயந்திரத்திடம் கேட்டால் ஐந்து விரலோடு, சில வேளை ஆறு விரலோடு, கொடுக்கிறதாம். செலவே இல்லையாம். அதுவும் யாரோ ஒருவருடைய கையைப் பார்த்துத்தான் பழகியிருக்கும். எனக்கு அதைப் பற்றித் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு வேலை மலிவாக முடிகிறதென்றால், அதன் மிச்சச் செலவை யாரோ கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அது யார் என்று பெயர் தெரியும்வரை அதை மலிவென்று சொல்லாதீர்கள். அந்தப் பெயருக்குக் கொப்பியில் ஒரு கட்டம் விடுங்கள். வெளிச்சத்தை எடுத்துவிட்டாவது விடுங்கள்.

யசிந்தா வாங்கிய கூலி ஆயிரத்து ஐந்நூறு. பஸ்ஸுக்குப் போக நூற்று முப்பது, வர நூற்று முப்பது. எனக்கு இதால் வந்த செலவு எல்லாமாக ஆயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய்.